நின்று போன லாரி ‘செல்ப்’ எடுக்கவில்லையா? பணத்தைக் கொட்டும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூர் யஷ்வந்தபுரம் லாரி நிலையத்திலும், கலாசிபாளையம் பக்கத்திலும், ஓசூர் சாலை ஓரத்திலும் பழைய டீசல் லாரிகள் நிற்பதைப் பார்க்கலாம். நாமக்கல், சங்ககிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து வண்டிகள் அவற்றில் நிறைய உண்டு.

பர்மிட் முடிந்ததால் நின்றவை சில. டிரைவர் ஊருக்குப் போனதால் நின்றவை சில. 2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது லோடு இல்லாமல் ஏராளமான லாரிகள் வாரக்கணக்கில் நின்றன.

ஒரு நாள் லோடு கிடைக்கும். புக்கிங் ஆபீசில் இருந்து ஆள் வந்து அவசரப்படுத்துவார். டிரைவர் சாவியைத் திருப்புவார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என்ஜின் அசையாது.

“அண்ணே, செல்ப் போயிட்டுதுண்ணே. புதுசுதான் போடணும்” என்பான் கிளீனர் பையன்.

அந்த ஒரு பேச்சில் சில ஆயிரம் ரூபாய் கரைந்து விடும். புது செல்ப் மாட்டிய பிறகும் வண்டி எடுக்காமல் நிற்பது உண்டு. காரணம் என்ன? பல நேரங்களில் கோளாறு செல்ப் மோட்டாரில் இருப்பது இல்லை. செலவு இல்லாத சோதனைகளை முதலில் செய்து, செலவு உள்ளதைக் கடைசியில் செய்ய வேண்டும். பழைய மெக்கானிக்குகள் கையாளும் முறை இதுதான்.

இரண்டும் வேறு வேறு நோய்

என்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒரு நோய். சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது வேறு நோய்.

சுற்றவே இல்லை என்றால் பாட்டரி, வயர், செல்ப், அல்லது என்ஜின் இறுக்கம் இவற்றில் ஒன்றுதான் காரணம். டீசல் பம்பையும் நாசிலையும் குற்றம் சொல்லிக் கழற்றுவது வீண் வேலை. சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்தான் டீசல் பக்கம் போக வேண்டும்.

முதலில் கையால் சுற்றுங்கள்

பல மாதம் நின்ற வண்டியில் சாவியைத் தொடும் முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். ‘ஸ்டாப்’ குமிழை இழுத்து விடுங்கள். பிறகு என்ஜின் முன்பக்கம் கிராங்க் புல்லியின் நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு, என்ஜின் ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று வர வேண்டும். அப்போதுதான் எல்லா சிலிண்டரும் ஒரு முறை அமுங்கி எழும்.

டீசல் என்ஜினில் அமுக்கம் அதிகம். ஆகவே இடையிடையே கனமாக இருக்கும். சற்று நேரம் பிடித்தால் தளர்ந்து கொடுக்கும். அது இயல்பு. ஆனால் ஓர் இடத்தில் சுவரில் மோதியது போல் நின்று விட்டால் எச்சரிக்கை தேவை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம்.

மேல் நோக்கிய சைலன்சர் குழாய் வழியாக மழை நீர் இறங்கி இருக்கலாம். ஹெட் காஸ்கெட் பழுதாகி ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து இருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் செல்ப் அடித்தாலும், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் கனெக்டிங் ராடு வளைந்து விடும். சில நூறு ரூபாய் வேலை, என்ஜினையே இறக்கும் வேலையாக மாறும்.

இதற்கு வழி எளிது. நாசில்களைக் கழற்றிவிட்டு மறுபடி கையால் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வெளியே வந்துவிடும். அந்தத் துளைகளின் நேரே முகத்தை வைக்கக் கூடாது. ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல் வெளுத்து இருந்தால் தண்ணீர் சேர்ந்து விட்டது என்று பொருள். அதை மாற்றாமல், தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் என்ஜினை ஓட்டக் கூடாது.

எந்தப் பக்கமும் அசையாவிட்டால் ரிங் துருப்பிடித்து ஒட்டி இருக்கலாம். நாசில் துளை வழியே சிறிது டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். வெறி பிடித்தது போல் இழுக்கக் கூடாது.

விளக்கு சொல்லும் சேதி

என்ஜின் கையால் சுற்றுகிறதா? இனி எர்த்தை மாட்டி, கோளாறு மின்சாரத்தில் எங்கே என்று பார்க்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு முதலிலேயே மங்கலாக எரிந்தால் பாட்டரி காலி.

நன்றாக எரிந்த விளக்கு, செல்ப் அடிக்கும்போது செத்துப் போனால் பாட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை.

விளக்கு கொஞ்சமும் மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் சாவி ஸ்விட்ச், அதில் இருந்து வரும் சிறு வயர், சொலினாய்டு இவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் எலி வயரைக் கடித்து விடுவதும் சாதாரணம்.

“லைட் எரியுதே, பாட்டரி நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்ட் வண்டியில் ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். லாரி செல்ப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். குடத்தை நிரப்பும் குழாய் வயலுக்குப் பாயாது அல்லவா?

பாட்டரியும் எர்த்தும்

பாட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் உப்பு கெட்டிப்பட்டு விடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தாங்காது.

ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல சார்ஜில் 1.250 அளவிலும் அதற்கு மேலும் காட்டும். 1.150-க்கு இறங்கினால் காலி. மீட்டர் வைத்து இருப்பவர்கள், 12 வோல்ட் வண்டியில் செல்ப் அடிக்கும்போது பாட்டரியில் 9½ வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்க்கலாம். போனால் பாட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு பாட்டரி சேர்த்து 24 வோல்ட் கொடுக்கும் வண்டியில் ஒன்று கெட்டாலும் மற்றதால் பயன் இல்லை. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இருந்தால், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். கழுவும் நீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. கழற்றும்போது எர்த் முதலில். மாட்டும்போது எர்த் கடைசியில். இதை மாற்றிச் செய்தால் ஸ்பானர் சேசிசில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பலரும் மறந்து விடுவது எர்த் வயர்தான். எப்.சி.க்காக வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எர்த் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் ஏறிவிடும். அல்லது அடியில் துரு பிடித்து இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். கரண்ட் மட்டும் பாயாது. பாட்டரியின் எர்த் முனையில் இருந்து என்ஜின் பிளாக்குக்கு நேராக ஒரு தடித்த ஜம்பர் கேபிள் கொடுத்துப் பாருங்கள். உடனே செல்ப் சுற்றினால் குற்றவாளி பிடிபட்டான்! சுரண்டிச் சுத்தம் செய்து நட்டை முடுக்கினால் போதும்.

செல்ப் மோட்டாரின் முறை

இவ்வளவும் சரி, சொலினாய்டு ‘டக்’ என்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் செல்ப்பைக் கழற்ற வேண்டும். அப்போதும் உடனே புதிது வாங்க வேண்டியது இல்லை. கார்பன் பிரஷ் ஈரத்தில் ஒட்டி இருக்கலாம், தேய்ந்து இருக்கலாம், சொலினாய்டின் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கருகி இருக்கலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் பழுது பார்த்துக் கொடுப்பார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது முதலாளியின் உரிமை.

உயிரோடு விளையாடக் கூடாது

வண்டிக்கு அடியில் படுத்து, செல்ப் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வது சிலருக்குப் பழக்கம். பழைய டீசல் என்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் தேவை இல்லை. ஒரு சுற்று சுற்றினால் பிடித்து விடும். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, படுத்து இருப்பவர் மேலேயே ஏறும்.

காற்று பிரேக் உள்ள லாரி பல நாள் நின்றால் டாங்கில் காற்று இறங்கி விடும். என்ஜின் ஓடாமல் காற்று ஏறாது. பழைய வண்டிகள் பலவற்றில் காற்று இல்லாவிட்டால் கால் பிரேக் வேலை செய்யாது. அத்தகைய வண்டியைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது பேராபத்து.

சார்ஜ் ஏறும் பாட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. வேறு வண்டியில் இருந்து கரண்ட் எடுத்தால் 12-க்கு 12, 24-க்கு 24 என்று பொருத்தம் பார்க்க வேண்டும். கடைசி இணைப்பை பாட்டரியில் கொடுக்காமல், சற்றுத் தள்ளி என்ஜினில் கொடுக்க வேண்டும்.

சுற்றத் தொடங்கிய பிறகு

என்ஜின் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கி, பில்டரைப் பார்த்து, கை பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடிக்கலாம்.

ஊருக்குப் போகும் முன்

தீபாவளி, பொங்கல் என்று நீண்ட விடுமுறையில் போகிறவர்கள் எர்த் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். சைலன்சர் வாயை ஒரு டப்பாவால் மூடலாம்; திரும்பி வந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். டீசல் டாங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் சேர்வது குறையும். மாதம் ஒரு முறை பாட்டரிக்குச் சார்ஜ் போடச் சொல்லலாம். இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பயன் இல்லை. எடுத்த கரண்ட்டே திரும்பாது. ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

வட்டிக்கு வாங்கிய வண்டி ஒரு நாள் நின்றாலும் தவணை நிற்பது இல்லை. ஒரு ஸ்பானரும், ஒரு டெஸ்ட் லாம்பும், அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் அந்தத் தவணைப் பணத்தைக் காப்பாற்றிக் கொள்ளலாம்.