நாணயத்தைவிட மெலிந்த இயந்திரம்

அழகான, மெலிந்த கைக்கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்திலிருந்துதான் வரணுமா, நேயர்களே? நம்ம சந்திரகிரியிலிருந்து சித்தூர், கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் ஓசூர். அங்கே டைட்டன் பொறியாளர்கள் உருவாக்கிய 'எட்ஜ்' கடிகாரம் 2002-இல் வெளிவந்தது. அதற்குள்ளே ஓடும் இயந்திரம் ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெலிசு! அந்த இடுக்கில் பற்சக்கரங்களும் சுழலணும், உள்ளே தண்ணீரும் புகக்கூடாது.

'எட்ஜ்' போலப் பேட்டரியில் ஓடுவதில் என்ன கைவேலை இருக்கிறது என்று கேட்கும் கடிகாரப் பிரியர்களும் உண்டு. சாவி கொடுத்து ஓடுவதுதான் அவர்களுக்குக் கடிகாரம். ஆனால் இவ்வளவு மெலிந்த இடத்தில் மயிரிழை பிசகினாலும் முள் உரசி நின்றுவிடுமே, நிற்காமல் ஓடவைத்தது கைவேலை இல்லாமல் வேறென்ன? கடையில் கண்ணில் பட்டால், பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்.