கழற்றி வைத்த கார்டு

எங்கள் தெருத் தகரப் பட்டறையில் கிரைண்டரின் கார்டு எங்கே என்று கேட்டால் ஜன்னல் திட்டைக் காட்டுவார்கள். துருவேறிக் கிடக்கும். "அத மாட்டுனா மூலைக்குள்ள வீல் போகாதுண்ணா" என்பான் பையன். போகாதுதான். ஆனால் 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வெட்டும்போது தகடு லேசாக வளைந்து வீலைக் கவ்வினால் வீல் உடைந்து தெறிக்கும். அதற்கும் முகத்துக்கும் நடுவே இருப்பது அந்த அரைவட்டத் தகடு மட்டுமே. கார்டு இல்லாத இடத்தில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறவர்களும் உண்டு. அதைப் பார்த்தால் நான் அங்கே நிற்க மாட்டேன்.

கைக்கத்தரி சாதுவாகத் தெரியும். 22 கேஜ் தகட்டை வெட்டி முடித்த பிறகுதான் அதன் விளிம்புப் பிசிறு உள்ளங்கையைக் கிழிக்கும். இரண்டு இழுப்பு அரம் போட்டால் அடங்கிவிடும். தகடு தூக்கக் கையுறை வேண்டும். அதே கையுறையோடு டிரில்லில் நின்றால் பிட் துணியைச் சுற்றி விரலையும் இழுத்துக்கொள்ளும். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் துணி முனையால் எடுத்துவிட வரும் நண்பனைத் தடுத்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது.

மருத்துவமனையில், "வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு, செலவ நான் பாத்துக்கறேன்" என்று முதலாளி காதோரம் சொல்வார். சொல்லாதீர்கள். வேலையில் பட்ட அடி என்று விபத்துப் பதிவேட்டில் ஏறினால்தான் பின்னால் எதையும் கேட்க முடியும். 10 பேருக்குக் குறையாத, இ.எஸ்.ஐ. உள்ள பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், ஓய்வுக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குப் பணம் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதாக 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அப்படியொரு அட்டவணை இருக்கிறது. மனுவைத் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும்; காலக்கெடு உண்டு. இலவச வக்கீலுக்கு நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

முதலாளி தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது கார்டைத்தான். தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றினால், உயிரோ உழைக்கும் திறன் முழுதுமோ போகாத வரை, இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. மிஷினையே கார்டு இல்லாமல் கொடுத்திருந்தால் இந்த வாதம் நிற்காது. ஆனால் அதை யார் நிரூபிப்பது? நீங்கள் கட்டுப்போட்டுத் திரும்புவதற்குள் ஜன்னல் திட்டில் கிடந்த கார்டு மிஷினில் ஏறியிருக்கும். உங்களை ஆட்டோவில் ஏற்றும்போதே, கிரைண்டரை அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடச் சொல்லுங்கள்.