மீனோடு நின்றுவிடலாமா?



யோனா நூலை வாசித்ததும் நம்மில் பலருக்கு எழும் முதல் கேள்வி, ஒரு மனிதர் மீன் வயிற்றில் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்பதே. சிலர், ‘முடியாது, எனவே இது வெறும் கட்டுக்கதை’ என்று நூலை மூடிவிடுகின்றனர். வேறு சிலர், ‘ஒவ்வோர் எழுத்தும் நடந்தது நடந்தபடியே, ஆராய்வதே பாவம்’ என்கின்றனர். இரு சாராரும் மீனோடு நின்றுவிடுகிறார்கள். நினிவே வரை போவதில்லை.

திரு அவை காட்டும் வழி வேறு. விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை ஆராயும்படி 1943ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் அறிஞர்களைத் தூண்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இறைவெளிப்பாடு’ கொள்கைத் திரட்டில் (எண் 12) இதை உறுதிப்படுத்தியது. கடவுள் மனிதர் வழியாக, மனித முறையில் பேசியிருப்பதால், நூலாசிரியர் எதைச் சொல்ல விரும்பினார் என்று கவனமாகத் தேட வேண்டும் என்றது.

அப்படித் தேடினால் என்ன கிடைக்கிறது? நினிவே அசீரியப் பேரரசின் மாநகர். அசீரியர்தாம் கி.மு. 722ஆம் ஆண்டளவில் சமாரியாவை வீழ்த்தி, இஸ்ரயேல் மக்களை நாடு கடத்தியவர்கள். யோனா என்னும் இறைவாக்கினர் 2 அரசர்கள் 14:25இலும் குறிப்பிடப்படுகிறார். ஆனால் அவர் பெயரால் அமைந்த இந்நூல், நினிவே அழிந்து நெடுங்காலத்துக்குப் பின் போதனைக் கதையாக எழுதப்பட்டது என அறிஞர் பலர் கருதுகின்றனர். பகைவரின் நகருக்கு அனுப்பப்பட்டவர் ஏன் தர்சீசுக்குக் கப்பல் ஏறினார் என்பது இப்போது நமக்கு விளங்குகிறது. கடவுள் அவர்களை மன்னித்துவிடுவாரோ என்பதே அவருடைய அச்சம். நான்காம் அதிகாரத்தில் அவரே அதைச் சொல்கிறார்.

ஆய்வு நம்மை இந்த வாசல் வரை அழைத்து வருகிறது. உள்ளே நுழைவது நம் பொறுப்பு. திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 1993இல் வெளியிட்ட ஏடு, வரலாற்றுத் திறனாய்வு முறை இன்றியமையாதது என்றது. விவிலியத்தின் முழு வளத்தையும் வெளிக்கொணர எந்த ஆய்வு முறையும் போதாது என்றும் அதே ஏடு கூறியது. எழுத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பின் ஆபத்தையும் அது சுட்டிக்காட்டியது.

எனவே நாம் செய்யக்கூடியது என்ன? முதலில், நம் திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் உள்ள முன்னுரையை வாசிப்போம். அடுத்து, ஒரு பகுதியை முழு விவிலியத்தோடும் திரு அவையின் நம்பிக்கையோடும் சேர்த்து வாசிப்போம். நினிவே மக்களின் மனமாற்றத்தை இயேசுவே எடுத்துக்காட்டாகச் சொன்னாரே! (மத் 12:41). தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமை நம் திருப்பலியில் வாசிக்கப்படுவதும் இந்த மனமாற்றமே. மூன்றாவதாக, செபத்தில் அமர்ந்து, அந்த வார்த்தை நம்மைக் கேள்வி கேட்க இடம் கொடுப்போம்.

யோனா நூல் ஒரு கேள்வியோடு முடிகிறது. வாடிப்போன ஓர் ஆமணக்குச் செடிக்காக வருந்தும் யோனாவிடம், இத்தனை ஆயிரம் மக்கள்மீது நான் இரங்கக் கூடாதா என்று ஆண்டவர் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்று நூலில் இல்லை. எந்த அறிஞரும் அந்தப் பதிலை நமக்காகச் சொல்லிவிட முடியாது. கடவுள் மன்னிக்கவே கூடாது என்று நாம் நினைக்கும் ஒருவர் நம் உறவிலோ, தெருவிலோ, ஏன், நம் பங்கிலோகூட இருக்கலாம். இந்த வாரம் யோனா நூலின் நான்கு அதிகாரங்களையும் வாசித்து, அவரை மனத்தில் நிறுத்தி, ஆண்டவருக்கு நம் பதிலைச் சொல்வோம்.