மூன்றாம் நாள் ஜுரம்

இரண்டு அர்த்தங்கள்

குடலில் ரண சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு, ஜுரம் 101 டிகிரி, நாடி நிமிஷத்துக்கு 110, மூச்சும் சற்று வேகம் என்று நர்ஸ் அட்டையில் குறித்துவிட்டுப் போனால், அதைப் பார்க்கிற வைத்தியருக்கு இரண்டு அர்த்தங்கள் தோன்றும். கத்தி பட்ட சரீரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள முயல்கையில் இக்குறிகள் காண்பது சகஜம். உள்ளே போட்ட தையல் விட்டுக் குடல் கசிந்து, செப்சிஸ் தொடங்கிவிட்டாலும் இதே குறிகள்தாம். முன்னதானால் காத்திருக்கலாம்; பின்னதானால் விடியும்வரை காத்திருப்பதே அபாயம்.

கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரம் நிதானமிழந்து தன் அவயவங்களையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலைக்குத்தான் செப்சிஸ் என்று பெயர். 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்கு இது கண்டதாகவும், 1.1 கோடி மரணங்கள் இதனோடு தொடர்புள்ளவை என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பழைய சாட்சிகள்

காயத்தால் வந்த ஜுரமா, செப்சிஸா என்று பிரித்தறியப் பழைய வழிகள் உண்டு. ஆனால் ரத்தத்தைப் புட்டியிலிட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு நாள் கணக்காகும்; முன்பே கொடுத்த ஆன்டிபயாடிக் காரணமாக ஒன்றும் வளராமலே போவதும் உண்டு. சி.ஆர்.பி. என்ற புரதமோ, கிருமி இல்லாவிட்டாலும், பெரிய ரண சிகிச்சைக்குப் பின் தானே ஏறிவிடுகிறது.

வெள்ளணுக்களின் பேச்சு

இக்குறையைத் தீர்க்க வந்த முறையொன்று ஜீன்களை நாடுகிறது. ஜீன் என்றதும் பரம்பரை வியாதி என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் நம்மில் அநேகர். இங்கே விஷயம் அதுவன்று. பிறவியில் வந்த ஜீன்கள் அப்படியே இருக்க, இந்தக் க்ஷணத்தில் அவற்றில் எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதை, வெள்ளணுக்கள் எழுதும் ஆர்.என்.ஏ. பிரதிகளை அளந்து அறிவதே இம்முறை. கிருமியைத் தேடாமல், கிருமியைக் கண்ட சரீரம் என்ன சொல்கிறது என்று காது கொடுப்பதாகும் இது.

செப்சிஸ் கண்டவர்களின் ரத்தத்தையும், ரண சிகிச்சைக்குப் பின் அழற்சி மட்டுமே உடையவர்களின் ரத்தத்தையும் ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டு, இரு சாராரையும் பிரித்துக் காட்டும் நான்கு ஜீன்களைத் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சி 2015-இல் வெளியாயிற்று. அதன் வழி வந்த ‘செப்டிசைட்’ சோதனைக்கு அமெரிக்க அரசு 2017-இல் அனுமதி அளித்தது. பின்னர் இரண்டே ஜீன்களைக் கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும் வடிவத்துக்கும் 2021-இல் அனுமதி கிடைத்தது. ரண சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 4,000-க்கு மேற்பட்டோரிடம் ரத்தம் எடுத்து வைத்து நடத்திய ஆராய்ச்சியோ, வெளிக்குறிகள் தோன்றுவதற்கு மூன்று நாள் முன்பே ஜீன்களின் போக்கு மாறுவதை 2022-இல் எடுத்துக்காட்டியது. எனக்கு இதுவே எல்லாவற்றினும் வியப்பளிக்கிறது.

எல்லைகள்

ஆயினும், செப்டிசைட் தருவது ஒரு மதிப்பெண்ணே. அது நடுத்தரமாக வந்தால் சந்தேகம் தீராது. எந்தக் கிருமி, எந்த இடத்தில் என்பதையும் அது சொல்லாது. கல்ச்சரும் ஸ்கேனும் வேண்டியே இருக்கும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதும் அன்று.

ஆகவே, வீடு திரும்பிய நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் கண்கொண்டு பார்க்க வேண்டும். பேச்சில் தடுமாற்றம், மூச்சில் வேகம், சிறுநீர் குறைதல், தோல் வெளிறிச் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவசியம். வயோதிகர்களுக்கு ஜுரமே வராமல் சரீரம் குளிர்ந்துபோவதும் உண்டாகையால், தெர்மாமீட்டரை மட்டும் நம்பியிராமல், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதையும் குறித்துக்கொண்டு போய் வைத்தியரிடம் சொல்லுங்கள்.