மோட்டாரில் ஒட்டிய நட்சத்திரம்

"கரண்டுதான் இலவசமாச்சே, மோட்டாருக்கு நட்சத்திரம் எதுக்கு?" என்று அரியலூர், செந்துறைப் பக்கம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்கீழ் பம்புசெட்டுக்கும் நட்சத்திர முத்திரை உண்டு. நட்சத்திரம் கூடக்கூட, அதே தண்ணீரை இறைக்கக் கரண்டு குறைவாகப் பிடிக்கும். கரண்டுக் காசை அரசு கட்டுகிறது, சரி. மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் வயல் பாய்வது உங்கள் பாடு. காயில் எரிந்தால் கட்டுக்கூலியும் உங்களுடையதே.

நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கோடையில் நீர்மட்டத்திலிருந்து குழாய்வாய் வரை உயரம் அளந்து, அதற்கேற்ற பம்பைக் கேளுங்கள். அதிக உயரத்துக்கான மோனோபிளாக்கை ஆழமில்லாத கிணற்றில் போட்டால் மோட்டார் சூடேறும். வாய்க்காலுக்கு மேலே ஆளுயரம் குழாயைத் தூக்கிவிட்டு, தண்ணீர் கொட்டுகிற அழகைப் பார்க்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதைத் தாழ்த்துங்கள், அதற்குச் செலவே இல்லை.