அசையாமல் ஆடலாமா?

பள்ளி ஆண்டு விழா. மேடையில் நீங்கள் நாலு பேர். ஜிகினா உடை, கன்னத்தில் ரோஸ் பவுடர். முன்வரிசையில் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு ‘டக்’கென்று நின்றுவிடுகிறது. அடுத்த ஸ்டெப் என்ன? பாட்டு இருந்தால்தானே ஸ்டெப் ஞாபகம் வரும்! ஒருவர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். இன்னொருவர் திரை ஓரம் நிற்கும் டீச்சரைப் பார்ப்பார். கடைசியில் நிற்கும் குட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்...

இந்த நிலைமையை வேண்டுமென்றே தேடிப் போகிற நடனக் கலைஞர்கள் இருக்கிறார்கள், தெரியுமா குட்டீஸ்? அவர்களுக்கு மனப்பாடம் செய்த ஸ்டெப் கிடையாது. ஒத்திகை பார்த்த வரிசையும் கிடையாது. மேடை ஏறிய பிறகு அந்த நிமிடம் என்ன தோன்றுகிறதோ அதை ஆடுவார்கள். இதற்கு ‘இம்ப்ரொவைசேஷன்’ என்று பெயர். நம் ஊர்க் கச்சேரியில் பாடகர் ராகத்தைத் தன் கற்பனைக்கு ஏற்ப விரித்துக்கொண்டே போவார் அல்லவா? அதை ‘மனோதர்மம்’ என்பார்கள். பரதநாட்டியத்திலும் உண்டு. ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் புதுப்புது பாவம் காட்டுவார்கள். பாலசரஸ்வதி (1918-1984) இதில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்.

சரி, திடீரென்று எதுவுமே தோன்றாவிட்டால்? கையைக் காலை எப்படியாவது ஆட்டி ஒப்பேற்றுவார்களா?

இல்லை. நின்றுவிடுவார்கள். சும்மா, அசையாமல்!

‘இதெல்லாம் ஒரு நடனமா?’ என்று சிரிக்காதீர்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1939-ல் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட நாளில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். குட்டிக்கரணம், தாவல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிறகு நடனத்துக்கு வந்தார். மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற புகழ்பெற்ற கலைஞரின் குழுவில் சில வருடம் ஆடினார். ஜப்பானியத் தற்காப்புக் கலையான அய்கிடோவும் கற்றார். அதில் எப்படி அடிப்பது என்பதைவிட, எப்படி அடிபடாமல் விழுவது என்பதுதான் முதல் பாடம்.

1972 ஜனவரி. ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரி. வெளியே கடும் குளிர். கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் மல்யுத்த மெத்தையை விரித்து, மாணவர்கள் சிலரோடு சேர்ந்து பாக்ஸ்டன் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பெயர் ‘மெக்னீசியம்’. என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடினார்கள், ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள், தாவினார்கள், பிடித்தார்கள், விட்டார்கள், தொப் தொப்பென்று விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். கிட்டத்தட்ட பத்து நிமிடம் இந்த ரகளை!

அப்புறம்தான் விஷயம். ரகளை முடிந்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். மூச்சு வாங்க, வேர்வை வழிய, சில நிமிடங்கள் சும்மா நின்றார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. அந்த நிற்பதும் நிகழ்ச்சிதான். பாக்ஸ்டன் அதற்கு வைத்த பெயர், ‘சின்ன நடனம்’.

நிற்பதற்கு ஏன் நடனம் என்று பெயர்? இதை நான் சொல்வதைவிட நீங்களே செய்து பார்த்துவிடுங்களேன். பேப்பரைக் கீழே வையுங்கள். எழுந்து நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முழங்காலை விறைப்பாக வைக்க வேண்டாம், லேசாகத் தளர்த்துங்கள். கைகள் தொங்கட்டும். தோளை இறக்குங்கள். பிரேயரில் ‘அட்டென்ஷன்’ நிற்கிறோமே, அதற்கு நேர் எதிர். நிற்பதற்கு எவ்வளவு பலம் தேவையோ அவ்வளவு மட்டும் போதும். மீதியை விட்டுவிடுங்கள். இப்போது ஒரு நிமிடம்... அசையக் கூடாது.

என்ன, முடிந்ததா?

முடிந்திருக்காது! பாதத்தின் முன்பக்கம் கொஞ்சம் அழுந்தியிருக்கும், உடனே குதிகால் பக்கம் போயிருக்கும். கணுக்கால் துடித்திருக்கும். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, தானாகவே நடுவுக்கு வந்திருப்பீர்கள். நீங்கள் எதுவும் செய்யவில்லை, உடம்பே செய்துகொண்டது. நீங்கள் விழாமல் இருக்க உங்கள் தசைகள் ஓயாமல் ஆடும் ஆட்டம் இது. பிறந்து, தத்தித் தத்தி நிற்கக் கற்ற நாளிலிருந்து ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் ஆடுகிறது. நாம்தான் கவனிப்பதே இல்லை.

இதன் பின்னால் இருக்கும் அறிவியல் ரொம்ப சுவாரஸ்யமானது. விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். நாமும் அப்படித்தான். உயரமான உடம்பு, அடியில் இரண்டு சின்னப் பாதம். உச்சியில் கனமான தலை வேறு. பெரியவர்களுக்குத் தலை மட்டுமே நாலைந்து கிலோ இருக்கும்! உள்ளே இதயம் துடிக்கிறது, மூச்சு போய் வருகிறது. ஒவ்வொன்றும் உடம்பைத் துளித்துளியாகத் தள்ளுகிறது. அதைச் சரிசெய்ய மூன்று பக்கத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. ஒன்று கண். இன்னொன்று பாதத்தின் தோலும், தசைகளும், மூட்டுகளும். மூன்றாவது, காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. அதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் திரவமும் ஆடும், மூளைக்குச் சேதி போகும். காது கேட்பதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஆட்டம் இன்னும் கூடும். தகவல் தரும் மூன்று பேரில் ஒருவர் லீவு போட்டுவிட்டார் அல்லவா? இதைச் செய்யும்போது மட்டும் சுவரை ஒட்டி நில்லுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலைப் பிரேயரில், வெயிலில், யாராவது ஒருவர் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விறைப்பாக ரொம்ப நேரம் நின்றால் ரத்தம் கால் பக்கம் தங்கிவிடும். கெண்டைக்கால் தசைதான் இயங்கி இயங்கி அதை மேலே தள்ள வேண்டும். தசை வேலை செய்யாவிட்டால் மூளைக்கு ரத்தம் குறைந்து தலை சுற்றும். அதனால் இந்த விளையாட்டை வெறும் வயிற்றோடு, வெயிலில் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும். தலை சுற்றுவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

பாக்ஸ்டனிடம் ஒரு வேடிக்கையான பயிற்சி உண்டு. நின்றபடியே, இடது காலை ஓர் அடி முன்னால் வைக்கப் போவதாக நினைக்கச் சொல்வார். ஆனால் வைக்கக் கூடாது! நினைக்க மட்டும் வேண்டும். அப்புறம் வலது கால். மறுபடி இடது. செய்து பாருங்கள். கால் நகராது, ஆனால் உள்ளே ஏதோ கொஞ்சம் புரளும். இடது கால் கிளம்ப வேண்டுமானால் எடை வலது காலுக்குப் போக வேண்டுமே, உடம்பு அதற்குத் தயாராகிறது. ஒரு அசைவு பிறப்பதற்கு முன்னால் இருக்கும் அந்த நொடியை உங்களால் பிடிக்க முடிகிறது. அதைப் பிடித்துவிட்டால், ‘அடுத்து என்ன ஆடுவது?’ என்ற கேள்விக்கு விட்டத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியதே இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டியதுதான். சாய்வு ஓர் அடியாகும், அடி ஒரு சுற்றாகும்.

அந்த ஓபர்லின் நிகழ்ச்சியில் ஆண்கள் மட்டும்தான் ஆடினார்கள். பார்வையாளர்களில் நான்ஸி ஸ்டார்க் ஸ்மித் என்ற கல்லூரி மாணவி இருந்தார். விளையாட்டில் கெட்டிக்காரி. பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. நேராக பாக்ஸ்டனிடம் போய், பெண்களை வைத்து இப்படிச் செய்தால் என்னையும் கூப்பிடுங்கள் என்று கேட்டுவிட்டார். கூப்பிட்டார்! அதே ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு ஓவியக் கூடத்தில் மெத்தை விரித்து இந்தப் புது நடனத்தை மக்களுக்குக் காட்டியபோது நான்ஸியும் இருந்தார். அதற்கு ‘கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்’ என்று பெயர் வந்தது. இரண்டு பேர் முதுகோ தோளோ தொட்டுக்கொண்டு, ஒருவர் எடையை மற்றவர் தாங்கி, அந்தந்த நொடியில் தோன்றியபடி ஆடுவது. அதில் சறுக்கலும் விழுதலும் அடிக்கடி நடக்கும். யோசித்துவிட்டு விழ முடியுமா? யோசித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும்! ஆகவே உடம்புக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். நின்று நின்று அந்தச் சின்ன நடனத்தைக் கவனித்தவர்களுக்குத்தான் அது வரும். நான்ஸி 2020-லும், பாக்ஸ்டன் 2024-லும் காலமானார்கள். அவர்கள் தொடங்கிய ஆட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது.

அசையாமல் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவரும் ஒருவர் உண்டு. பால் டெய்லர் என்ற அமெரிக்க நடனக் கலைஞர், 1957 அக்டோபரில் நியூயார்க் மேடையில் ‘டூயட்’ என்று ஒரு நிகழ்ச்சி கொடுத்தார். அவர் நின்றார். உடன் ஆடும் பெண் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்! சில நிமிடம் கழித்துத் திரை விழுந்துவிட்டது. (இது அந்த நிமிடம் தோன்றியதல்ல, முன்பே தீர்மானித்தது.) ஒரு நடனப் பத்திரிகையில் லூயி ஹார்ஸ்ட் என்ற விமர்சகர் இதற்கு விமர்சனம் எழுதினார். எப்படி? மேலே நிகழ்ச்சி விவரம், கீழே தன் பெயரின் முதல் எழுத்துகள். நடுவில் வெள்ளைத் தாள். ஒரு வார்த்தைகூட இல்லை! டெய்லர் அசரவில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

எனக்கு அந்த விமர்சனமும் பிடிக்கும், அந்த நடனமும் பிடிக்கும். ஆனாலும் முழுக்க முழுக்க நின்றுகொண்டே இருந்தால் பார்ப்பவர் கொட்டாவி விடத்தான் செய்வார். ஆட்டத்துக்கு நடுவே வரும் நிறுத்தம்தான் ருசி. பாட்டி கதை சொல்லும்போது, “கதவை மெல்லத் திறந்தானாம்...” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுப்பார் பாருங்கள், அந்த இடைவெளியில் நமக்கு எப்படி இருக்கும்! மிருதங்கத்திலும் அடிக்கு அடி நடுவே விடும் இடம் உண்டு, ‘கார்வை’ என்பார்கள். டிவி நடனப் போட்டிகளில் பல பேர் மூச்சு விடாமல் ஆடுகிறார்கள். திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் முடிந்ததும் எந்த அசைவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு விளையாட்டு ஆடலாம். மொட்டை மாடி வேண்டாம், கூடமோ மைதானமோ போதும். எல்லோரும் இஷ்டப்படி நடங்கள். யாராவது ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் நிற்க வேண்டும். அதைக் கவனித்த உடனே மற்றவர்களும் நிற்க வேண்டும். பிறகு யாராவது ஒருவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்ப வேண்டும். ‘ஒன், டூ, த்ரீ’ கிடையாது, தலைவர் கிடையாது, பேச்சும் கிடையாது. முதல் தடவை கடைசி ஆள் நிற்க நேரமாகும், சிரிப்பு வரும். பத்தாவது தடவையில் பாருங்கள், பறவைக் கூட்டம் மாதிரி ஒன்றாக நிற்பீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதுகூடத் தெரிய ஆரம்பிக்கும், காலடிச் சத்தம் குறைவதை வைத்து!

‘ஸ்டாச்சூ’ விளையாட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதில் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நிற்போம். அசைந்தால் அவுட். இதில் அவுட் கிடையாது. நின்றதும் ஒரு மூச்சு விட்டு, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். கை எங்கே தொங்குகிறது, பக்கத்தில் யார், என்ன சத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று மூச்சு போதும். ஏதாவது ஒன்று உங்களை இழுக்கும், அதன் பின்னால் போங்கள். எதுவும் இழுக்கவில்லையா? இன்னும் ஒரு மூச்சு நில்லுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பயம் வரும். ‘எல்லோரும் என்னையே பார்க்கிறார்களே’ என்று அவசரமாகக் கையை வீசத் தோன்றும். பார்க்கட்டுமே! நாலு பேர் ஓடும் மேடையில் ஒருவர் மட்டும் நின்றால், கண் அவரிடம்தான் போகும்.

ஆண்டு விழா மேடையில் விட்டுவிட்டு வந்தோமே, அந்த நாலு பேரிடம் திரும்பிப் போவோம். பாட்டு நின்றுவிட்டது. டீச்சர் கையைப் பிசைகிறார். கடைசியில் நிற்கும் குட்டி அழவில்லை. தோளை இறக்கி, முழங்காலைத் தளர்த்தி, சும்மா நிற்கிறாள். மற்ற மூவரும் அவளைப் பார்த்து நிற்கிறார்கள். அரங்கம் ‘கப்சிப்’. ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... அவள் எடை மெல்ல வலது காலுக்குப் போகிறது. இடது குதிகால் தரையை விட்டு ஒரு நூல் எழும்புகிறது...