சோற்றைக் குறைத்தேன், கூட்டைக் கூட்டினேன்!

"இவர் சர்க்கரையையே தொடறதில்லைங்க. காபியிலகூடப் போட்டுக்கறதில்லை. அப்புறம் எப்படி ஏறுது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களுக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். வீட்டிலேயே பட்டுத் தறி. காலையில் தறிக்குழியில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் என் கணவர் எழுந்திருப்பார். அவர் காலில் வந்த சின்னப் புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. பரிசோதித்ததில் சர்க்கரை வியாதி! தறியை மிதிக்கிற காலுக்கே ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது?

மாத்திரை ஆரம்பித்தோம். இனிப்பை நிறுத்தினேன். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அதுவும் ஐந்து! தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. பிறகு யாரோ சொன்னார்களென்று கேழ்வரகுக் களி, தினைப் பொங்கல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், புண் ஆறியிருந்தது, சர்க்கரை இறங்கவில்லை.

டாக்டரம்மா சிரித்தார். "தானியத்தை மாத்தினீங்க, அளவை மாத்தலையேம்மா! அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாத்திலயும் மாவுச்சத்துதான் அதிகம். வயித்துக்குள்ள போனா சர்க்கரையாத்தான் மாறும்."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல, சகோதரிகளே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். அதே ஆய்வு 2025-ல் நம் சாப்பாட்டையும் அலசியது. நாம் பெறும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது. மாவுச்சத்தில் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று சேர்த்தால்தான் ஆபத்து குறையுமாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தட்டில் பாதி இடம் கீரைக்கும் காய்க்கும். கால் பங்கு பருப்பு, பயறு. மீதிக் கால் பங்குதான் சோறு. காயையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டால் சோறு தானாகவே குறைகிறது. மாலையில் பிஸ்கட் போய், ஒரு கைப்பிடி சுண்டல் வந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மட்டும் விடவில்லை. மிளகும் சுக்கும் மணக்கிற பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல மனசு வருமா? ஒரு சின்னத் துண்டு. அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையும். ஆறு மாதத்தில் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பருப்பைக் கூட்டக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் ஒருநாள், "அக்கா, உங்களுக்கும் பார்த்துடலாமே" என்றாள். எனக்கு ரத்தக் கொதிப்பு 160! எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய சோறும் ஊறுகாயும் அப்பளமுமாக இத்தனை வருஷம் நான் சாப்பிட்டதை யார் கணக்கு வைத்தார்கள்? ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், தாண்டக் கூடாதாம். எனக்கு ஊறுகாயிலேயே பாதி போயிருக்கும்!

இப்போது இவரோடு சேர்ந்து உட்கார்ந்து, அதே கீரையும் கூட்டும் நானும் சாப்பிடுகிறேன். முப்பது வயதைத் தாண்டிய சகோதரிகளே, வீட்டுக்காரரை அழைத்துப் போகும்போது நீங்களும் ஒருமுறை கையை நீட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்களேன்!